சனிக்கிழமை ரொட்டி

இல்லங்கய்யா, எந்திரிக்காதீக, உக்காருங்க. மாவப் பாதிப் பெசையல்ல விட்டா இறுகிப் போயிரும், அதான் கையெடுக்க முடியல. கைக்குத்தான சோலி, வாய்க்கு என்ன, பேசுவோம். பொன்னுச்சாமி மக ராமலட்சுமியப் பத்திக் கேக்க வந்துருக்கீக, அம்புட்டுத்தான? அதுக்கு ஏன் இப்பிடி மென்னு முழுங்குறீக? ரொட்டி வாங்க வந்தேன்னீக பாருங்க, அப்பவே பிடிச்சுட்டேன். ரொட்டி வாங்க வாரவுக செருப்பக் கழட்ட மாட்டாக. வாங்குனமா, துண்டுக்குள்ள வச்சமான்னு ஓடுவாக. நீங்க செருப்ப ஓரமாக் கழட்டி வச்சுட்டு, குடிக்கத் தண்ணியும் கேட்டீக.

காரியாபட்டியா. அக்கா மகனுக்கா. பேரு இன்பராஜு. சரி, சரி. தாய்மாமன் முன்ன நின்னு விசாரிக்கிறதுதான் மொறை, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. மூணு வருசத்துல நீங்க ஆறாவது ஆளு, அதச் சொல்ல வந்தேன். மொத வந்தது சிவகாசி. பெறகு விருதுநகரு. பெறகு ஒரு எண்ணெய்ச் செக்கு வீடு, அவுக கார்லயே வந்தாக. அஞ்சு பேரும் நீங்க உக்காந்துருக்க அதே பலகையிலதான் உக்காந்தாக.

ஏன் என்கிட்ட வாராகன்னா கேக்குறீக? தெரிஞ்சுதான வந்துருக்கீக. இருந்தாலும் சொல்றேன். இந்தப் பாளையம்பட்டியில எந்த வீட்டுல யாருக்கு என்ன நோவுன்னு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தரு டாக்டரு. அவரு வாயத் தொறக்க மாட்டாரு. இன்னொருத்தி இந்த ராஜாத்தி. நம்ம பக்கம் ரொட்டிய யாரு திம்பா? ஒடம்பு நல்லாருக்கவன் கம்மங்கஞ்சியும் குதிரவாலிச் சோறும் திம்பான். ரொட்டியும் பாலும் குடுங்கன்னு டாக்டரு சொன்னாத்தான் என் வாசலுக்கு ஆளு வரும். கையில ரொட்டியோட ஒருத்தன் தெருவுல நடந்தான்னா, எதுத்தாப்புல வாரவன் வீட்டுல யாருக்கு என்னன்னுதான் கேப்பான்.

மூணு நாளு வாங்குனா சாதாக் காய்ச்சல். மூணு வாரம் வாங்குனா டைபாய்டு. மாசக்கணக்கா, வருசக்கணக்கா, வாரந்தவறாம ஒரு வீட்டுக்கு ரொட்டி போகுதுன்னு வையுங்க. அதுக்கு நான் வேற பேரு சொல்லணுமாக்கும்? பாத்தீகளா, உங்க கை தானாவே நெஞ்சுக்குப் போயிருச்சு. அதான்.

ஆமா, போகுது. பொன்னுச்சாமி வீட்டுக்கு என் கையால ரொட்டி போகுது. சனிக்கிழமை தோறும் ஒண்ணு. அந்தப் பிள்ளைக்கு எட்டு வயசுல இருந்து போகுது. இந்த ஆடியோட பன்னெண்டு வருசம் ஆச்சு.

உக்காருங்கய்யா, ஏன் அதுக்குள்ள துண்ட எடுத்து உதறுறீக? அந்த அஞ்சு பேரும் இந்த எடத்துலதான் துண்ட உதறுனாக. அவுகளுக்கு நான் இதுக்கு மேல ஒரு சொல்லு சொல்லல. ஏன், என்ன சீக்குன்னு கேட்டாக. அது எனக்கு எப்பிடிங்கய்யா தெரியும், நான் அடுத்தவுக வீட்டுக்குள்ள போயா பாத்தேன்னு சொல்லிட்டு, முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டேன். பொய் சொல்லலையே. அடுப்புப் பொகை, கண்ணு கலங்கத்தான செய்யும். எந்திரிச்சுப் போயிட்டாக. பொன்னுச்சாமிக்குப் பொருத்தம் சரியில்லன்னு சொல்லிவிட்டுருவாக. உன் மகளுக்கு எளப்பு, அந்த டி.பி. நோவு இருக்குன்னு மொகத்துக்கு நேரே எவன் சொல்லுவான்?

நீங்க மட்டும் இருங்க. உங்களுக்கு வேற சொல்லணும். அடுப்பு காயட்டும்.

இதுவா? இது பதனி. நொதிச்ச பதனி. ரொட்டி உப்பணும்னா இது வேணும். மிஷன் பங்களாவுல இருந்த வெள்ளக்கார மிஸ்ஸியம்மா டப்பாவுல ஒரு பொடி வச்சிருந்தாக, சீமையில இருந்து வந்தது. அது தீந்து போனா நான்தான் இதப் போடுவேன். கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதனி. தடவாம வச்சா கள்ளு. பனையேறிகிட்ட நான் கலயத்த நல்லாக் கழுவிக் கட்டுப்பான்னு மட்டும் சொல்லுவேன், அவனுக்குப் புரியும். நடுவுல மூணு வருசம் சர்க்காரே கள்ளுக்கடையத் தொறந்துச்சு, நிம்மதியா இருந்தேன். இப்ப மறுபடி மூடிட்டாக. பதனிக் காலம் முடிஞ்சா பழைய மாவுல ஒரு உருண்டை எடுத்து வச்சு அதையே ஒறையாச் சேத்துக்கிருவேன். எங்க வீட்டுக்காரவுக யேசுதாசனுக்கு அந்தப் பங்களாவுல தோட்டவேலை. நான் அடுப்படி. மிஸ்ஸியம்மாதான் இந்தத் தொழில என் கையில குடுத்தாக. மணிக்கட்டால தள்ளணும், விரலால கிள்ளக் கூடாதும்பாக. இப்பப் பாருங்க, இழுத்தா அறுகாம வருதா? அம்புட்டுத்தான். இனி டின்னுல போட்டு மூடிரலாம். அங்கிட்டு இருக்குல்ல, அது முன்னாடியே உப்பி நிக்கிறது. அதுதான் இப்ப அடுப்புக்குள்ள போகப்போகுது.

கொஞ்சம் நகந்துக்கோங்க, அனல் அடிக்கும். கருவேல வெறகு, தணலு நின்னு காயும். இந்தா, சாம்பலத் தள்ளிட்டேன். ஒரு சிட்டிகை மாவ உள்ள எறிஞ்சு பாக்கணும். கருகிட்டா சூடு சாஸ்தி. வெள்ளையாவே கெடந்தா சூடு பத்தல. பாருங்க, பழுப்பாயிருச்சு. சரியான சூடு. டின்ன உள்ள தள்ளி, தகரத்த வச்சு, ஓரத்துக்கு மண்ணப் பூசிட்டா முடிஞ்சுச்சு. முன்னாடிச் சுட்டதுல ஒண்ணு அந்தக் கூடையில இருக்கு, அது யாருக்குன்னு...

வா தாயி, வா. இப்பத்தான் ஒன்னய நெனைச்சேன், நூறு வயசு. யாரும் இல்ல, விருந்தாளி, காரியாபட்டியில இருந்து வந்துருக்காக. அக்காவா? உள்ள இருக்கா, போ. காலையில இருந்து ஒண்ணும் திங்கல. நீ போயிக் குடுத்தாத்தான் உண்டு.

பாத்தீகளா? அவதான். நல்லாப் பாத்துக்கோங்க. நெறம் எப்பிடி, நடை எப்பிடி? மூச்சு வாங்குதா? ரெண்டு தெரு தாண்டி வெயில்ல வந்துருக்கா. பம்பு அடிச்சு ரெண்டு கொடம் இடுப்புக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணா வச்சுட்டுப் போவா. சிரிக்கிற சத்தம் கேக்குதா? உள்ள யாருகூடப் பேசுறான்னு கேக்குறீகளா? என் மககூட. ஞானப்பூ. இருக்கா. முப்பத்திரெண்டு வயசு. சொல்றேன், இந்தப் பிள்ள மொதக் கெளம்பட்டும்.

கெளம்பிட்டியா தாயி? தின்னாளா? ரெண்டு துண்டா? போதும், போதும். இந்தா ஒன் ரொட்டி. மூடாத, மூடாத. சூட்டோட மூடுனா வேர்த்து நமத்துப் போயிரும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? அப்பிடியே கையில ஏந்திட்டுப் போ. அம்மாவக் கேட்டதாச் சொல்லு.

போயிட்டா. பாருங்க, தெரு முக்கு வரைக்கும் ரொட்டி தெரியுது. எதுத்த வீட்டுல ரெண்டு பேரு எட்டிப் பாத்தாச்சு. ரொட்டி வேர்க்கும்கிறதும் நெசந்தான், நான் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு நோவும் இல்லங்கய்யா. காய்ச்சல்னு படுத்ததுகூட கெடையாது. ரொட்டி பிடிக்கும், அதான் திங்கிறா. வேற ஒண்ணுமில்ல. எட்டு வயசுல அந்த வேலியோரமா நின்னு வாசம் பிடிச்சுக்கிட்டு இருந்தா. கூப்பிட்டு, சுடச்சுட ஒரு துண்டுல நெய்யத் தடவி, சீனியத் தூவிக் குடுத்தேன். கண்ண மூடிக்கிட்டுத் தின்னா. இனி சனிக்கிழமை தோறும் வா தாயி, ஒனக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கிறேன்னு சொன்னேன். அன்னைக்கே எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொன்னேன். அறியாமச் செஞ்சேன்னு நெனைச்சுக்கிறாதீக.

ஏன்னா? அவ ஆத்தா கோகிலாம்பாள்தான் ஏன்.

அறுவத்தி ரெண்டுல ஞானப்பூவுக்குப் பத்தொம்போது வயசு. நரிக்குடிப் பக்கம் ஒரு வாத்தியாரு மாப்பிள்ள. பேசி முடிச்சு, எங்க வேதக்கோயில்ல கல்யாண ஓலை எழுத நாளு பாத்தாச்சு. மாப்பிள்ளையோட ஆத்தா ஒரு நாளு பஸ்ஸுல வந்து எறங்கி, எங்க வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடி கோகிலாம்பாள் வீட்டுல தண்ணி கேட்டுக் குடிச்சிருக்கா. பிள்ளை எப்பிடின்னு கேட்டிருக்கா. கோகிலாம்பாள் நல்ல பிள்ளைதான்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னா. அவுக ரொட்டி திங்கிற வீடுல்ல, நித்தமும் வாசம் வருதுன்னு.

அம்புட்டுத்தான் சொன்னா. நான் அப்ப வெளிய விக்கிறதில்ல. மிஷன் ஆஸ்பத்திரிக்கு நித்தமும் முப்பது ரொட்டி இங்க இருந்து போகும். அந்த நரிக்குடிக்காரிக்கு அது தெரியுமா? நித்தமும் ரொட்டி திங்கிற வீடுன்னா, நித்தமும் நோயாளி இருக்க வீடுன்னு எடுத்துக்கிட்டா. எங்க வாசலுக்கே வராம அடுத்த பஸ்ஸப் பிடிச்சுப் போயிட்டா. போனவ சும்மா போகல. கோயில்ல சொன்னா, சொந்தத்துல சொன்னா. ஒரு மாசத்துல என் பிள்ளைக்கு எளப்புன்னு திருச்சுழி வரைக்கும் பேச்சாயிருச்சு.

கோகிலாம்பாள் வேணும்னு சொன்னாளான்னா கேக்குறீக? இல்ல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். பகையா இருந்து சொல்லியிருந்தா நானும் மண்ண வாரித் தூத்திட்டு ஆறிப் போயிருப்பேன். வெளையாட்டாச் சொன்னா. சொன்னத அன்னைக்குச் சாயங்காலமே மறந்துட்டா. இன்னைக்கும் அவளுக்கு ஞாபகம் இல்ல. ஞானப்பூவுக்கு ஏன் ராஜாத்தியக்கா இன்னும் அமையலன்னு என்கிட்டயே வந்து கேட்டவ அவ.

எங்க கோயில்ல திருவிருந்துன்னா எல்லாருக்கும் ஒரே கிண்ணத்துல திராட்ச ரசம். ஒவ்வொருத்தரா வாய் வச்சுக் குடிக்கணும். ஞானப்பூவுக்குப் பெறகு யாரும் குடிக்க மாட்டேன்னுட்டாக. போதகரய்யா தங்கமானவருதான், அவரே வந்து, பாப்பா கடைசி ஆளா வரட்டும்மான்னு சொன்னாரு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி நெஞ்சுப் படம் எடுத்தோம். சுத்தமா இருக்குன்னு டாக்டரு எழுதியே குடுத்தாரு. படத்தக் கொண்டாந்து கோயில் மூப்பருகிட்ட நீட்டுனேன். அவரு வெயிலுக்கு நேரே தூக்கிப் பாத்துட்டு, ஒண்ணுமே தெரியலையேம்மான்னாரு. ஒண்ணும் தெரியாட்டித்தான்யா நல்லதுன்னு நான் சொல்லிக்கிட்டே நிக்கிறேன், அவரு படத்தத் தொட்ட கையத் துண்டுல தொடைக்கிறாரு.

சரி, ஊரு அப்பிடித்தான்னு விட்டுருப்பேன். கடைசியில என் பிள்ளையே நம்பிட்டா. அது எப்பன்னு எனக்குத் தெரியல. ஒரு நாளு அவ தட்டையும் தம்ளரையும் தனியா எடுத்து மாடக்குழியில வச்சா. ஏன்டின்னேன். ஒனக்கும் ஒட்டிக்கிரும்மான்னா. அன்னைக்குப் போனவதான் அந்த ரூமுக்குள்ள. பன்னெண்டு வருசம். நான் பக்கத்துல போனா மொகத்தத் திருப்பிக்கிட்டு மூச்ச அடக்குவா. சோறு திங்க மாட்டா, நோயாளிக்கு ரொட்டிதாம்பா. மாவத் தொட மாட்டா, ஊருக்கே பரவிருமாம். ஒரு சீக்கும் இல்லாத பிள்ள, அய்யா. குண்டுக்கல்லாட்டம் இருந்த பிள்ள. இருமத் தெரியாம இருமிப் பழகிக்கிட்டா. அவுக அப்பா இதப் பாத்துப் பாத்தே போயிச் சேந்தாக.

ஞானப்பூ ரூமுக்குள்ள போன வருசந்தான் வேலியோரமா இந்தப் பிள்ள வந்து நின்னுச்சு.

கோகிலாம்பாளா? அவளுக்குச் சந்தோசம். காசு வாங்காம ராஜாத்தியக்கா பாசமாக் குடுத்துவிடுறான்னு தீவாளிக்குத் தூக்குச்சட்டி நெறைய அதிரசம் போட்டு அனுப்புவா. ஒவ்வொரு சம்பந்தமும் கூடி வந்து முறியிறப்ப இங்க வந்துதான் அழுவா. ஒங்க சாமிகிட்டச் சொல்லுக்கா, உன் வேண்டுதல் கேக்கும்பா. நானும் அவ தலையில கைய வச்சு வேண்டுவேன். வாய்விட்டு, சத்தமாத்தான். அவ அழுகுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே மாவு பெசைஞ்சா அன்னைக்கு ரொட்டி நல்லா வரும் எனக்கு. பாவின்னு நெனைக்கிறீக. நெனைச்சுக்கோங்க. பன்னெண்டு வருசமா ஒரு சனிக்கிழமை நான் தவறுனதில்ல. காய்ச்சலாக் கெடந்தப்பக்கூட எந்திரிச்சு அவளுக்கு ஒண்ணு சுட்டேன்.

ஒண்ணே ஒண்ணுதான் கஷ்டம். இந்தப் பிள்ள. உள்ள போச்சே, எதுக்குன்னு நெனைக்கிறீக? ஞானப்பூகூட ஒரே தட்டுல திங்கிறதுக்கு. இந்த ஊருலயே அந்த ரூமுக்குள்ள போறது அது ஒண்ணுதான். ஞானப்பூ தட்ட இழுத்துக்குவா, கிட்ட வராத வராதன்னு கத்துவா. இது சிரிச்சுக்கிட்டே அவ கடிச்ச ரொட்டியப் பிடுங்கித் திங்கும். ஒனக்கு ஒண்ணுமில்லக்கா, பாரு, நானும் தின்னுட்டேன், செத்தா போயிட்டேன்னு கேக்கும். பெத்தவ நான் சொல்லி எடுபடல. இது சொன்னா அரை மணி நேரம் என் மக தலை சீவிக்கிறா, ரெண்டு துண்டு திங்கிறா. அதக் கதவிடுக்குல பாக்குறப்ப, இந்தப் பிள்ளைக்குப் போயி இதச் செய்யிறமேன்னு தோணும். தோணி என்ன செய்ய? அடுத்த சனிக்கிழமை மூடாம எடுத்துட்டுப் போ தாயின்னுதான் என் வாயில வரும்.

இம்புட்டையும் எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்? நீங்களே கேப்பீகன்னு பாத்தேன். அந்த அஞ்சு பேருகிட்டச் சொல்லல, எங்க போதகருகிட்டச் சொல்லல. உங்ககிட்டச் சொன்னா வெளிய போகாது, அதான்.

எப்பிடியா? உங்க கடையில மூடை தூக்குற சோணைமுத்து, புதன்கிழமை தோறும் பஸ்ஸுல வந்து ரெண்டு ரொட்டி வாங்கிட்டுப் போறாப்ல. பதினாலு மாசமா. காரியாபட்டியில வாங்குனா ஊருக்குத் தெரிஞ்சுரும்னு இம்புட்டுத் தூரம் அனுப்புறீக. டீக்கடைக்குன்னுதான் மொதச் சொன்னாப்ல. டீக்கடைக்குன்னா பன்னுல்ல கேக்கணும்? ஐப்பசி மழையில தொப்பலா நனைஞ்சு வந்து நின்னாப்ல, பாவமா இருந்துச்சு, சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன். சூட்டோட சூடா எல்லாத்தையும் கொட்டிட்டாப்ல. உங்க அக்கா மகன் இன்பராஜுக்கு இருமுனா ரத்தம் விழுகிறது, மதுரையில மூணு மாசம் கெடந்தது, இப்பவும் ஊசி போயிக்கிட்டு இருக்கிறது, கல்யாணம் முடிச்சா சரியாப் போகும்னு உங்க அக்கா ஒத்தக்கால்ல நிக்கிறது, எல்லாம்.

உக்காருங்கய்யா. தண்ணி குடிங்க. நான் உங்களக் குத்தம் சொல்லவா செய்யிறேன்? நோவு உங்க வீட்டுல இருக்க, எங்க ஊருல வந்து பொண்ணுக்குச் சீக்கு இருக்கான்னு விசாரிக்கிறீக பாருங்க, அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பொண்ணு சுத்தம். நீங்க தாராளமாப் போயித் தட்ட மாத்துங்க. சீக்குக்காரி தட்டுல கூசாமக் கை வைக்கிற பிள்ள, அருவருப்புப் படாது, பக்கத்துல உக்காந்து பாக்கும். உங்க வீட்டுக்கு இதவிட என்ன பொருத்தம் வேணும்?

கோகிலாம்பாள் மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்க என்கிட்டத்தான் வருவா. வரட்டும். காரியாபட்டிப் பக்கம் எனக்கு வாடிக்கையே கெடையாது, அந்த வீட்டுக்கு ஒரு துண்டு போனதில்லன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். நீங்க ஆவணியிலயே நாளு பாத்துருங்க, தள்ளிப் போடாதீக.

பொழுதாகுது, உங்களுக்கு பஸ்ஸு வந்துரும். செருப்பு அந்தா இருக்கு பாருங்க. ஆங், போறப்ப ஒண்ணு. கல்யாணத்துக்குப் பெறகு புதன்கிழமைக்கு ரெண்டு ரொட்டி பத்தாது. மூணாச் சுட்டு வைக்கிறேன், சோணைமுத்துகிட்டச் சொல்லிவிடுங்க. பிள்ளைக்கு ரொட்டின்னா உசுரு.